துப்பாக்கி வாங்கும் முன் விதி மூன்றைப் படியுங்கள்

சேரியில் ஒரு வீடு எரிந்த செய்தி வந்தால் போதும், இளம் தோழர்கள் எங்களிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "நாமும் துப்பாக்கி வைத்துக்கொண்டால் என்ன?" இப்போது அந்தக் கேள்வி இன்னும் முற்றியிருக்கிறது. எந்தத் துப்பாக்கி, எத்தனை தோட்டா என்று கேட்கிறார்கள். வீட்டைக் காக்க 12 போர் பம்ப் ஆக்‌ஷன்தான் சரி, முன்பிடியை இழுத்துத் தள்ளும் அந்தச் சத்தத்துக்கே வந்தவன் ஓடிவிடுவான் என்று அமெரிக்கக் காணொளிகளைப் பார்த்துவிட்டுச் சொல்கிறார்கள்.

உங்களுக்கு அகிம்சை வகுப்பெடுக்க நாங்கள் வரவில்லை. அடிவாங்குகிறவனுக்கு மட்டும் பொறுமையைப் போதிக்கும் பழக்கம் இந்த நாட்டில் ஏராளம், அந்த வரிசையில் நிற்க எங்களுக்கு விருப்பமில்லை. ஆயுதம் யார் கையில் இருக்கலாம் என்பதைச் சாதி தீர்மானித்த நாடு இது. உழைக்கும் மக்களிடமிருந்து ஆயுதத்தையும் கல்வியையும் பறித்ததால்தான் அவர்களால் இந்த அமைப்பை எதிர்த்து எழ முடியாமல் போனது என்று அம்பேத்கர் 1936-லேயே எழுதிவிட்டார். ஆகவே துப்பாக்கி என்ற சொல்லைக் கேட்டதும் நாங்கள் காதைப் பொத்திக்கொள்ளப் போவதில்லை. ஆனால் அந்தக் காணொளி யாருடைய வீட்டை மனதில் வைத்து எடுக்கப்பட்டது என்று கேட்டே ஆக வேண்டும்.

அதில் வருவது உறுதியான சுவர் கொண்ட தனி வீடு. நடு இரவில் முகம் தெரியாத ஒருவன் நுழைகிறான். வீட்டுக்காரர் துப்பாக்கியோடு நிற்கிறார், போனை எடுத்தால் போலீஸ் வருகிறது, வந்த போலீஸ் வீட்டுக்காரரின் பக்கம் நிற்கிறது. இதில் எது நமக்குப் பொருந்துகிறது?

அமெரிக்காவிலேயே கருப்பின மக்களுக்கு இது பொருந்தவில்லை. 2020 மார்ச்சில் லூயிவில் நகரில் பிரியோனா டெய்லரின் வீட்டுக் கதவை நள்ளிரவில் போலீஸ் உடைத்தது. யாரோ புகுகிறார்கள் என்று நினைத்து, உரிமத்தோடு துப்பாக்கி வைத்திருந்த அவருடைய காதலர் ஒரே ஒரு தடவை சுட்டார். போலீஸ் 32 தோட்டாக்களைப் பொழிந்தது. டெய்லர் செத்தார். கொலை முயற்சி வழக்கு காதலர் மீது பாய்ந்தது, பிறகுதான் கைவிடப்பட்டது. 2016-இல் மினசோட்டாவில் காரை நிறுத்திய போலீஸ்காரரிடம், தன்னிடம் துப்பாக்கி இருப்பதை நேர்மையாகச் சொன்ன பிலாண்டோ காஸ்டில் உட்கார்ந்த இடத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர் விடுதலை. மார்ட்டின் லூதர் கிங் 1956-இல் தன் வீட்டில் குண்டு வீசப்பட்ட பிறகு துப்பாக்கி உரிமம் கேட்டார். அலபாமா அதிகாரிகள் மறுத்தார்கள். 1967-இல் பிளாக் பாந்தர்கள் சட்டப்படியே துப்பாக்கி ஏந்தி நடந்தபோது, தோட்டா நிரப்பிய துப்பாக்கியைப் பொது இடத்தில் ஏந்தக் கூடாது என்று கலிபோர்னியா புதிதாகச் சட்டமே போட்டது. கையெழுத்திட்டவர் ஆளுநர் ரீகன். அவர் பின்னாளில் துப்பாக்கி உரிமைக்காரர்களின் செல்லப்பிள்ளை ஆனது தனிக்கதை.

கருப்பின மக்களின் ஆயுதம் அவர்களைக் காப்பாற்றியதே இல்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். காப்பாற்றியிருக்கிறது. 1964-இல் லூசியானாவின் ஜோன்ஸ்பரோவில் தொடங்கிய 'டீக்கன்ஸ் ஃபார் டிஃபென்ஸ் அண்ட் ஜஸ்டிஸ்' அமைப்பினர் கு கிளக்ஸ் கிளான் கும்பலிடமிருந்து சிவில் உரிமைத் தொண்டர்களைக் காத்தார்கள். ஆனால் எப்படி? ஆளுக்கொரு துப்பாக்கி வாங்கி அவரவர் வீட்டில் பதுங்கியிருந்து அல்ல. முறைவைத்து, தெருத் தெருவாக, ஊரறியக் கூட்டாகக் காவல் நின்றார்கள். கூடவே ஒரு பெரிய இயக்கமும் நீதிமன்றத்திலும் வீதியிலும் நின்றது. 1965-இல் போகலூசாவில் அமெரிக்க மத்திய அரசே கிளான் மீதும் உள்ளூர் போலீஸ் மீதும் வழக்குத் தொடுக்க வேண்டிவந்தது. அங்கே துப்பாக்கி அரசைக் கடமைக்கு இழுத்தது. அரசு செய்ய வேண்டிய வேலையைத் தலையில் தூக்கிப்போட்டுக்கொள்ளும் வேலையை அது செய்யவில்லை.

இனி நம் ஊருக்கு வருவோம். நம்மை எங்கே கொன்றார்கள்? மேலவளவில் ஓடும் பேருந்தை மறித்து. உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் பேருந்து நிலையத்தருகே, கேமரா பார்த்துக்கொண்டிருக்க. திருச்செங்கோட்டில் கோயிலுக்குப் போன பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய். வீட்டில் வைத்த துப்பாக்கி இந்த மூன்று இடங்களில் எதற்கும் வந்து சேராது.

சரி, வீட்டுக்கே வந்த கதையைப் பார்ப்போம். 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி நத்தம் காலனிக்குள் புகுந்தது ஒரு திருடன் இல்லை. பெட்ரோல் குண்டோடு பெருங்கூட்டம். அடுத்தடுத்து மூன்று காலனிகள், நூற்றுக்கணக்கான வீடுகள். ஐந்தாறு தோட்டா கொள்ளும் ஒரு துப்பாக்கி அங்கே என்ன செய்திருக்கும்? கூட்டத்தில் ஒருவன் விழுந்திருந்தால் அன்று இரவு வெறும் சாம்பலோடு முடிந்திருக்குமா? 1995-இல் கொடியன்குளத்தில் புகுந்து வீடுகளை நொறுக்கியதோ போலீஸ் படையேதான். அங்கே யாரை நோக்கிக் குழலை நீட்டுவது? சேரி வீட்டின் அமைப்பையும் யோசியுங்கள். கூரைக்குக் கூரை ஒட்டி நிற்கும் தெருவில் பெரிய குண்டுகள் போட்ட தோட்டா ஒன்று, வந்தவனைத் தவறவிட்டால் தட்டியைத் துளைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக் குழந்தையிடம்தான் போகும்.

1968 டிசம்பர் 25 வெண்மணிக்கு வருவோம். குடிசைக்குள் எரிந்த 44 பேரை எல்லோருக்கும் தெரியும். அன்றிரவு வந்த கூட்டத்திடம் துப்பாக்கிகள் இருந்ததும், தீ வைக்கும் முன் நம் மக்கள் குண்டடிபட்டதும் அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. பீகாரில் லட்சுமண்பூர் பாத்தேயில் 1997 டிசம்பர் 1 இரவு ரண்வீர் சேனா 58 பேரைச் சுட்டுக் கொன்றது. கீழ் நீதிமன்றம் தண்டித்த 26 பேரையும் 2013-இல் பாட்னா உயர் நீதிமன்றம் விடுவித்தது.

நம்மிடம் துப்பாக்கி இல்லை என்பதையே பேசிக்கொண்டிருக்கிறோம். அவர்களிடம் துப்பாக்கி இருப்பதை ஏன் பேசாமல் விட்டோம்?

சட்டம் பேசியிருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 1995-ஆம் ஆண்டு விதிகளை எடுங்கள். விதி 3, உட்பிரிவு 1. வன்கொடுமை நடக்கக்கூடிய பகுதிகளை அரசு முதலில் அடையாளம் காண வேண்டும். அடுத்து, தேவையென்று கருதினால் அந்தப் பகுதியில் பட்டியல் சாதி, பழங்குடி அல்லாதவர்களின் ஆயுத உரிமங்களை ரத்து செய்து, ஆயுதங்களை அரசுக் கிடங்கில் ஒப்படைக்கச் செய்ய வேண்டும். அவர்களுடைய நெருங்கிய உறவினர், வேலையாட்கள், குடும்ப நண்பர்கள் உரிமமும் இதில் அடங்கும். கள்ளத் துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்ய வேண்டும். இதெல்லாம் சொன்ன பிறகுதான், தேவையென்று கருதினால் நம் மக்களுக்கு உரிமம் வழங்கலாம் என்று வருகிறது. அந்த வரிசையைக் கவனியுங்கள். அடிப்பவன் கையிலிருப்பதைப் பிடுங்குவது முன்னால் வருகிறது, நம் கையில் கொடுப்பது பின்னால்.

'தலித்துகளுக்குத் துப்பாக்கி' என்ற பேச்சு அவ்வப்போது அரசியல் மேடைகளில் கைதட்டு வாங்குவதற்குக் காரணம் இருக்கிறது. அதில் எந்த ஆதிக்க சாதிக்காரனின் உரிமத்தையும் தொட வேண்டியதில்லை. வாக்கு வங்கி கலங்காது. நாளை ஏதாவது நடந்தால், "உங்களுக்குத்தான் உரிமம் கொடுத்தோமே" என்று கை கழுவிவிடலாம்.

அதற்காக விண்ணப்பிக்க வேண்டாம் என்கிறோமா? இல்லை. உண்மையான மிரட்டல் உள்ள குடும்பம் கட்டாயம் விண்ணப்பிக்கட்டும், தனியாக இல்லாமல் அமைப்பின் துணையோடு. ஆயுதச் சட்டம் 1959-இன் 13-ஆம் பிரிவு, பாதுகாப்புக்காகக் கேட்கப்படும் 20 அங்குலத்துக்குக் குறையாத மென்குழல் துப்பாக்கிக்கு, தடையேதும் இல்லாவிட்டால், உரிமம் வழங்க வேண்டும் என்றே சொல்கிறது. நீங்கள் கேட்கும் பம்ப் ஆக்‌ஷன் ரகமும் மென்குழல்தான். சொத்து போதவில்லை என்பதை மட்டும் காரணமாக்கி மறுக்கக் கூடாது என்கிறது 14-ஆம் பிரிவு. மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். அந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்குங்கள். "மிரட்டல் இல்லை" என்று அதிகாரி கையெழுத்திட்ட தாள், நாளை அதே தெருவில் ஏதாவது நடந்தால் அவர் மீது நீங்கள் போடும் வழக்கின் முதல் ஆவணம்.

உரிமம் கிடைத்தால் ஒன்றை மறக்காதீர்கள். அமெரிக்காவில் துப்பாக்கியால் நிகழும் சாவுகளில் பாதிக்கு மேல் தற்கொலைகள். குடித்துவிட்டு வந்து மனைவியை அடிப்பவன் நம் தெருவிலும் இருக்கிறான். அந்தப் பூட்டின் சாவி யாரிடம் இருக்கும் என்று வீட்டுப் பெண்களைக் கேட்காமல் முடிவெடுக்காதீர்கள்.

இப்போதைக்கு ஒரு வேலை இருக்கிறது, பத்து ரூபாய்தான் செலவு. உங்கள் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கும், மாநகரமாக இருந்தால் காவல் ஆணையருக்கும் தகவல் உரிமை மனு போடுங்கள். வன்கொடுமை நடக்கக்கூடிய பகுதிகள் என்று அடையாளம் கண்ட ஊர்கள் எவை? அங்கே பட்டியல் சாதி, பழங்குடி அல்லாதவர்களிடம் எத்தனை துப்பாக்கி உரிமங்கள் உள்ளன? விதி 3-இன்படி இதுவரை எத்தனை ரத்து செய்யப்பட்டன? மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டிய மாவட்டக் கண்காணிப்புக் குழு கடைசியாகக் கூடிய தேதி எது, அதில் இது பேசப்பட்டதா? 30 நாளில் பதில் வர வேண்டும். வரவில்லையென்றால் மேல்முறையீடு. வந்த பதிலை, அது "பூஜ்ஜியம்" என்றாலும், எங்களுக்கு அனுப்புங்கள். மாவட்டவாரியாகத் தொகுக்கிறோம்.