வடிகட்டாமலே கடல்நீர் குடிநீராகுமா?

வீட்டில் ஆர்.ஓ. மெஷின் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், அதில் பெரிய தலைவலியே ஃபில்டர்தான். அடைத்துக்கொண்டால் மாற்ற ஆள் வர வேண்டும். சுற்றிலும் கடல்நீர் சூழ்ந்த தீவிலோ, நடுக்கடல் படகிலோ மாட்டிக்கொண்டால் அந்த ஆளுக்கு எங்கே போவது?

2010-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் (குரோம்பேட்டை இல்லைங்க, பாஸ்டன் பக்கம்!) சங் ஜே கிம், ஜோங்யூன் ஹான் குழுவினர் ஒரு புது வழி சொன்னார்கள். தண்ணீரை வடிகட்ட வேண்டாம், உப்பைத் தள்ளிவிட்டால் போதும்.

உப்பு கரைந்தால் சோடியம், குளோரைடு என்று இரண்டு அயனிகளாகப் பிரியும். முதலாவது பாசிட்டிவ், அடுத்தது நெகட்டிவ். ஒரு சின்ன சிப்பில் மெல்லிய கால்வாய் வெட்டி, அதில் கடல்நீரை ஓடவிட்டார்கள். கால்வாய் இரண்டாகப் பிரியும் இடத்தில் ஒரு சவ்வு. அதன் துளைகள் சில நானோமீட்டர் அளவுதான். துளைச் சுவர்களில் நெகட்டிவ் மின்னூட்டம் இருப்பதால், மின்சாரம் கொடுத்ததும் சோடியம் மட்டும் உள்ளே புகுந்து போய்விடும். குளோரைடுக்கு அனுமதி இல்லை. ஜோடி போன பிறகு அது அங்கே தனியாக நிற்கவும் முடியாது, எதிர்ப்பக்கம் விலகிவிடும். இப்படிச் சவ்வை ஒட்டி அயனிகள் மிகக் குறைந்த ஒரு பகுதி உருவாகிறது. அங்கே மின்புலம் பலமாக இருக்கும். பின்னால் வரும் உப்பு மட்டுமல்ல, மின்னூட்டம் உள்ள கிருமிகளும் அதை நெருங்க முடியாமல் பக்கத்துக் கிளைக்குத் திருப்பிவிடப்படுகின்றன. நல்ல தண்ணீர் இந்தக் கிளையில் வரும். கவனியுங்கள், நாம் குடிக்கும் தண்ணீர் சவ்வுக்குள் நுழைவதே இல்லை. அதனால்தான் அடைப்பு குறைவு.

கடற்கரையில் எடுத்த நீரில் பிளாஸ்டிக் துகள், புரதம், ரத்தம் எல்லாம் வேண்டுமென்றே கலந்து சோதித்தார்கள். சுமார் 99 சதவிகித உப்பு போய்விட்டது. ஆனால் உள்ளே விட்டதில் பாதிதான் நல்ல நீர்.

அதுவும் ஒரு சிப்பில் சொட்டுக் கணக்குதான். 1,600 சிப்புகளைச் சேர்த்தால் மணிக்கு 15 லிட்டர் கிடைக்கும் என்று அப்போது காகிதத்தில் கணக்குப் போட்டார்கள். 2022-ல் ஹான் குழு நிஜமாகவே ஒரு பெட்டி செய்து, பாஸ்டனின் கார்சன் கடற்கரையில் இயக்கிக் காட்டியது. எடை 10 கிலோவுக்கும் குறைவு, போன் சார்ஜரைவிடக் குறைந்த மின்சாரம், சின்ன சோலார் பேனலே போதும். அரை மணி நேரத்தில் ஒரு கப் தண்ணீர் வந்தது. மணிக்கு 0.3 லிட்டர். அதாவது 15 லிட்டர் குடம் நிரம்ப 50 மணி நேரம்! குடும்பத்துக்குப் போதாது, தாகத்தில் தவிக்கும் ஒருவரின் உயிர் தங்கும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. மின்னூட்டம் இல்லாத ரசாயனங்களை இந்த முறையால் தள்ள முடியாது. அதற்குத் தனியாக ஒரு கரி ஃபில்டர் வைக்கத்தான் வேண்டுமாம்.