சிறு கிரகம் தேடியவர்கள்

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே லக்ஷக்கணக்கான சிறு கிரகங்கள் சூரியனைச் சுற்றி வருகின்றன. அவற்றுள் ஒன்றின் பெயர் ஆசியா. இக்கண்டத்திலிருந்து முதன் முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டதால் அப்பெயர் பெற்றது. கண்ட இடம் நமது சென்னை நுங்கம்பாக்கம், ஆண்டு 1861.

கண்டவர் நார்மன் போக்ஸன் என்னும் ஆங்கிலேயர். சென்னை வானாராய்ச்சிக் கூடத்தின் தலைமையை அவ்வாண்டுதான் ஏற்றிருந்தார். 1891-ல் காலமாகும் வரை முப்பது வருஷம் இங்கேயே உழைத்து, ஐந்து சிறு கிரகங்களைக் கண்டார்.

இவ்வேலை எளிதன்று. தூரதரிசினியிலும் சிறு கிரகம் வெறும் ஒளிப்புள்ளியாகவே தோன்றும். நக்ஷத்திரங்கள் தம்முள் இடம் மாறுவதில்லை. இதுவோ இரவுக்கு இரவு நகரும். ஆகவே வானத்தின் ஒரு பகுதியைப் படமாக வரைந்து, மறுநாளும் அதையே நோக்கி, படத்தில் இல்லாத புள்ளியைப் பிடிக்க வேண்டும். தெருவில் உள்ளவரையெல்லாம் அறிந்தவனன்றோ புதிதாய் வந்தவனை அடையாளம் காண்பான்!

அக்கூடத்தில் உதவியாளராக உழைத்தவர் சிந்தாமணி ரகுநாதாசாரி. 1867-ல் ஒளி மாறும் நக்ஷத்திரம் ஒன்றை அவரே கண்டுபிடித்தார். 1874-ல் சுக்கிரன் சூரிய பிம்பத்தைக் கடக்கவிருந்தபோது, அதைப் பொதுஜனங்களுக்கு விளக்கி நூல் எழுதினார். ஆயினும் தலைமைப் பதவி அவருக்கு வாய்க்கவில்லை, 1880-ல் மறைந்தார்.

போக்ஸன் 1885-ல் கண்ட வேரா என்பதற்குப் பிறகு, 103 ஆண்டுகள் நம் தேசத்திலிருந்து புதிய சிறு கிரகம் எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. 1988 பிப்ரவரியில் ஜவ்வாது மலைக் காவலூரில் ஆர். ராஜமோகன் அக்குறையைத் தீர்த்தார். அதற்குக் கணித மேதை ராமானுஜன் பெயர் சூட்டப்பட்டது. இம்முறை கண்டவரும் நம்மவர்; பெயரும் நம்முடையது.

நுங்கம்பாக்கத்தை விட்டு மலைக்குப் போக நேர்ந்தது ஏன்? வானம் பார்ப்பவனுக்கு இருள் வேண்டும். இன்றோ மேற்கே திருவள்ளூர் வரையிலும், வடக்கே கும்மிடிப்பூண்டி வரையிலும் வீதிகளும் ஆலைகளும் வீசும் வெளிச்சம் வானத்தை வெளுக்கச் செய்கிறது. ஆலைகள் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. அவை பல குடும்பங்களுக்குச் சோறு போடுகின்றன. விளக்குகளுக்கு மேலே மூடியிட்டு ஒளியைத் தரைக்குத் திருப்பினால் வேலையும் கெடாது, மின்சாரமும் வீணாகாது. மொட்டைமாடியில் நின்று அண்ணாந்து பார்க்கும் நம் வீட்டுக் குழந்தைக்கு நக்ஷத்திரங்களும் தெரியும். தெரிந்தவற்றை எண்ணிப் பழகிய பிறகுதானே, புதியதொன்றைத் தேடும் ஆசை பிறக்கும்?