வேலியோரக் கள்ளியின் தோள்

ஒட்டுக்கட்டிய கள்ளிச்செடியைக் கண்டால் சிலர் முகம் சுளிக்கிறார்கள், இயற்கைக்கு விரோதமானதாம். எனக்கு அதில் உடன்பாடில்லை. நர்சரிகளில் விற்கும் சிவப்பு உருண்டைக் கள்ளிக்குப் பச்சையம் கிடையாது. தனியே நட்டால் பட்டினியில் சாகும். கீழே உள்ள பச்சைக் கள்ளிதான் அதற்குச் சோறு போடுகிறது. அப்படித் தாங்கும் தோள் நம் சப்பாத்திக்கள்ளிக்கும் உண்டு. தென்னிந்தியாவில் இது காடாய் மண்டியதால், 1926-ல் கொச்சினீல் பூச்சியை விட்டு அழிக்க வேண்டியிருந்தது. அந்த முரட்டு உயிரைத்தான் ஒட்டுக்கு அடிச்செடியாக்குகிறோம். முள்ளைவிட அதன் சுணை பொல்லாதது. மடலைத் தாளால் பிடித்து, சுத்தமான கத்தியால் ஒரே இழுப்பில் உச்சியைச் சீவ வேண்டும். வெட்டுமுகம் காய்வதற்குள் மேற்செடியை வைத்து, இரண்டின் சாற்று நாளங்களும் ஓரிடத்திலாவது தொடும்படி ரப்பர் பேண்டால் இறுக்க வேண்டும். பிறகு நிழல், வெட்டில் ஈரம் படக் கூடாது. பத்து நாளில் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும். ஒட்டின் பயன் காட்டுக்கும் உண்டு. மெக்சிகோவின் மலைச்சரிவுகளில் அரிய கள்ளிகளைத் தோண்டித் திருடி விற்கிறார்கள். அவை விதையிலிருந்து வளர்ந்து பூக்கப் பல ஆண்டுகள் ஆகும். நாற்றை ஒட்டுக்கட்டினால் அந்தக் காத்திருப்பு வெகுவாகக் குறைகிறது. தோட்டத்தில் பெருகும் செடி காட்டுச் செடிக்குக் காவல். எனவே ஒட்டுச்செடியைத் தயங்காமல் வாங்குங்கள், கட்டவும் பழகுங்கள். சீவியெறியும் மடலை மட்டும் வெளிநிலத்தில் வீசாதீர்கள். விழுந்த இடத்தில் வேர்விடும்.