எனக்கு ஸ்டேபிளே போதும்

"மறுபடியும் ஸ்டேபிளுக்கே போய்விட்டீர்களாமே சார்?" என்று நடைப்பயிற்சியில் நண்பர் கேட்டார். ஆமாம், போய்விட்டேன்.

என் பழைய லேப்டாப்பில் இருப்பது டெபியன் லினக்ஸ். அதன் ஸ்டேபிள் பதிப்பு சுமார் இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் வரும். 2023 ஜூனில் 'புக்வோர்ம்', 2025 ஆகஸ்டில் 'ட்ரிக்ஸி'. எல்லாம் 'டாய் ஸ்டோரி' படத்துப் பெயர்கள். அன்ஸ்டேபிளுக்கு எப்போதும் 'சிட்', பொம்மைகளை உடைக்கும் பக்கத்து வீட்டுப் பையன்! அங்கே சில நாள் இருந்து, பெரிய பழுது தென்படாதவை டெஸ்டிங்குக்கு நகரும்.

"புதியதுதானே பாதுகாப்பு?" என்கிறார் நண்பர். அங்கேதான் பலர் ஏமாறுகிறோம். டெஸ்டிங்குக்குப் பாதுகாப்புத் திருத்தமும் பெரும்பாலும் அதே வரிசையில் நின்றுதான் வரும். ஸ்டேபிளுக்கோ அதற்கென்றே உள்ள குழு நேராக அனுப்பிவிடும். பென்ஷன் கணக்கை நான் இதில்தான் பார்க்கிறேன்.

டெஸ்டிங்கில் நானும் இருந்தவன்தான். சோர்சஸ் லிஸ்ட் கோப்பில் 'ட்ரிக்ஸி' என்று பெயர் எழுதாமல் 'டெஸ்டிங்' என்று எழுதிவைத்தேன். ட்ரிக்ஸி ஸ்டேபிளாகி நின்றது. என் லேப்டாப் நிற்காமல் அடுத்த 'ஃபோர்க்கி'யின் பின்னால் போய்விட்டது. தப்பு என்னுடையதுதான். திரும்பி இறங்க ஒழுங்கான வழி கிடையாது. பேத்தியின் படங்கள், எழுதிவைத்த கட்டுரைகள் எல்லாவற்றையும் பென்டிரைவில் நகலெடுத்து, முதலிலிருந்து நிறுவினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

புத்தம்புது லேப்டாப் வாங்கியவர்கள் கதை வேறு. அதற்குப் புதிய கெர்னல் தேவைப்படலாம். அப்போதும் முதலில் பேக்போர்ட்ஸில் தேடிப் பாருங்கள். ஸ்டேபிளில் இருந்தபடியே அந்த ஒன்றை மட்டும் புதிதாக எடுத்துக்கொள்ளலாம்.