முதல் பக்கத்தில் எதை வைப்பது?

இரத்தினபுரி மாவட்டத்தில் மழை வலுக்கும்போது மண்சரிவு எச்சரிக்கைப் பட்டியலில் அடிக்கடி இடம்பெறும் பெயர் குருவிட்ட. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் வெளியிடும் அந்த எச்சரிக்கைக்கு மூன்று படிகள் உண்டு. 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பு. 100ஐத் தாண்டினால் வெளியேறத் தயார்நிலை. 150ஐத் தாண்டினால் உடனடி வெளியேற்றம். அந்த மூன்றாம் படி, லயன் அறையில் உறங்கும் தோட்டத் தொழிலாளியின் குடும்பத்துக்கு எந்த மொழியில் போய்ச் சேருகிறது என்பதே என் கேள்வி.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கையில் அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனபோது, தமிழ் எச்சரிக்கைகள் பிந்தின, சில வரவேயில்லை என்ற குற்றச்சாட்டு பரவலாக எழுந்தது. இப்படியான குறைகளுக்கு நாம் கேட்டுப் பழகிய சமாதானம் ஒன்றுதான்: ஆளணி போதாது, தமிழ் அடுத்த கட்டத்தில் வரும்.

ஆளணிப் பற்றாக்குறை பொய் என்று நான் வாதாட வரவில்லை. இரண்டே உதவி ஆசிரியர்களை வைத்துக்கொண்டு இரவுப் பதிப்பை முடித்துப் பழகியவனுக்கு அது புதிதல்ல. ஆள் குறைந்த இரவில் சினிமாப் பக்கத்தைக் கைவசமிருக்கும் பழைய கட்டுரையால் நிரப்பலாம். முதல் பக்கத்தை அப்படி நிரப்ப முடியாது. எதை விடுவது என்று யாரோ ஒருவர் தீர்மானிக்கத்தான் வேண்டும். அத்தீர்மானத்துக்கான பொறுப்பை ஆளணியின் தலையில் கட்டிவிட முடியாது.

வேலையின் அளவைப் பாருங்கள். 25 மாவட்டங்கள், ஏறத்தாழ 330 பிரதேச செயலகப் பிரிவுகள், மூன்று படிகள், மாறாத சில வாக்கியங்கள். இவற்றை ஒருமுறை தமிழில் எழுதிச் சரிபார்த்துவிட்டால், இடத்தையும் படியையும் கணினியே பொருத்திக்கொள்ளும். சிங்கள அறிவித்தல் வெளியாகும் அதே நேரத்தில் தமிழும் வெளியாகும். நள்ளிரவில் மொழிபெயர்ப்பாளரைத் தேட வேண்டியதில்லை. யுனிக்கோடில் தமிழ் 1991 முதலே இருக்கிறது. தொலைபேசி அலை எட்டாத தோட்டத்திலும் அந்த வாக்கியத்தைக் கோயில் ஒலிபெருக்கியில் எவரும் வாசித்துவிடலாம்.

2025 பெப்ரவரியில் அரச கட்டணங்களை இணையவழி செலுத்தும் கோவ்பே அறிமுகமானது. நல்ல முயற்சி, வரவேற்கிறேன். ஆனால் ஒரு கட்டணத்தை நாளைக்கும் செலுத்தலாம். மண்சரிவு நாளைவரை காத்திராது. சிறிய குழுவொன்று தன் பணிகளை வரிசைப்படுத்தும்போது முதலில் கேட்க வேண்டியது, பிந்தினால் வரும் இழப்பைப் பின்னர் ஈடுசெய்ய முடியுமா என்பதைத்தான். எவ்வளவு உழைப்பு வேண்டும் என்பது அதற்கு அடுத்த கேள்வி. இரண்டுக்கும் இங்கே விடை தமிழ் எச்சரிக்கையின் பக்கமே நிற்கிறது.

எச்சரிக்கை மட்டும் போதுமா என்று சிலர் கேட்கலாம். கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2005இலும் 2011இலும் எச்சரித்தும், 2014 ஒக்டோபரில் லயன்கள் மண்ணுக்குள் புதைந்தன. போக மாற்றிடம் இல்லாதவனுக்கு எச்சரிக்கை அரை உதவிதான். ஆனால் காணியும் வீடும் கொடுக்கக் கோடிகளும் ஆண்டுகளும் வேண்டும். இதற்குச் சில வார உழைப்புப் போதும். பெரிய கடனைக் காட்டிச் சிறிய கடனையும் கொடாதிருப்பது நியாயமாகாது. அதுவும் 1987இன் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கிவிட்ட நாட்டில்.

சப்ரகமுவ மாகாணம் 2003, 2016, 2017 ஆகிய ஆண்டுகளின் பேரழிவுகளைச் சந்தித்தது மே மாதத்தில். அடுத்த மே மாதத்துக்கு முன்னர் இவ்வேலை முடிந்தாக வேண்டும். இதை வாசிக்கும் உங்களில் பலர் ரொறன்ரோவிலும் சென்னையிலும் சிட்னியிலும் மென்பொருள் எழுதுபவர்கள். இந்த அட்டவணையைச் செய்து, பிழைபார்த்து, அரசின் கையில் இலவசமாகக் கொடுக்க உங்களால் முடியும். அதற்குப் பிறகு ஆளில்லை என்று எவரும் சொல்ல முடியாது.