வான் அலை யாருடைய சொத்து?



உங்கள் கடையில் வைஃபை பெட்டி இருக்கிறது. அதற்காக எந்த அலுவலகப் படியாவது ஏறினீர்களா? இல்லை. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை லைசென்ஸ் இல்லாமல் யாரும் பயன்படுத்தலாம் என்று மத்திய அரசு 2005 ஜனவரியில் விதி வகுத்துவிட்டது. ஆனால் உங்கள் சட்டைப் பையில் இருக்கும் செல்போனுக்கான அலைவரிசையோ பல்லாயிரம் கோடிக்கு ஏலம் போகிறது. இது ஏன்?

ஒரே இடத்தில், ஒரே அலைவரிசையில், இரண்டு கம்பெனிகள் கோபுரம் நட்டால் ஒன்றின் பேச்சு மற்றொன்றில் மோதும். எனவே யாராவது பிரித்துக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். வான் அலைகள் பொதுமக்களின் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. கிரிக்கெட் ஒளிபரப்புத் தகராறில் வந்த தீர்ப்பு அது! பொதுச் சொத்து என்றால், யாருக்கு, என்ன விலைக்கு என்பதை நாம் கேட்க வேண்டாமா?

2008 ஜனவரி 10ஆம் நாளை நினைத்துப் பாருங்கள். 'முதலில் வந்தவருக்கு முதலில்' என்றார்கள். பிற்பகலில் அறிவிப்பு, சில மணி நேரத்தில் வங்கி டிராஃப்டோடு வந்து நிற்க வேண்டும். விலையோ 2001ஆம் ஆண்டு விலை! அந்த 122 லைசென்ஸ்களையும் உச்ச நீதிமன்றம் 2012 பிப்ரவரியில் ரத்து செய்தது. குற்ற வழக்கில் 2017 டிசம்பரில் எல்லோரும் விடுதலை ஆனார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் பங்கீட்டு முறை தவறு என்ற தீர்ப்பு நின்றது.

அதன் பிறகு செல்போன் அலைவரிசைக்கு ஏலம்தான் வழி என்றானது. ஏலத்தைப் பற்றி வணிகர்களுக்கு நாம் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆரம்ப விலையை ஏற்றி வைத்தால் கூட்டம் கலைந்துவிடும். 2016 ஏலத்தில் 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு ஒருவர்கூடக் கை தூக்கவில்லை. 2021லும் அதே கதை. விற்காத சரக்கைக் குடோனில் வைக்கலாம். பயன்படுத்தாத அலைவரிசை அன்றன்றைக்கே வீண். 2022இல் சுமார் ஒன்றரை லட்சம் கோடிக்கு ஏலம் போனது. பெரும்பகுதியை வாங்கியவை மூன்றே கம்பெனிகள்!

இப்போது அடுத்த கட்டம் வந்திருக்கிறது. தொழிற்சாலை, துறைமுகம், பெரிய குடோன் ஆகியவை தங்கள் மதிலுக்குள் தாங்களே ஒரு செல்போன் வலைப்பின்னல் அமைத்துக்கொள்ளலாம். ஜெர்மனி 2019இல் 3.7 முதல் 3.8 கிகாஹெர்ட்ஸ் வரை இதற்கென்றே ஒதுக்கி வைத்தது. ஆலைக்காரர் தன் மனைக்கு விண்ணப்பித்துப் பெறலாம், ஏலம் கிடையாது. பிரிட்டனில் அதே ஆண்டு வந்த திட்டத்தில், குறைந்த சக்தியில் 10 மெகாஹெர்ட்ஸுக்கு ஆண்டுக் கட்டணம் 80 பவுண்டுதான்.

நம் நாட்டில்? 2022 ஜூனில் விதிமுறை வந்தது. செல்போன் கம்பெனியிடம் குத்தகைக்கு எடுக்கலாம், அல்லது அரசிடம் நேரடியாகப் பெற வழி ஆராயப்படும் என்றார்கள். எத்தனை பேருக்குத் தேவை என்று அரசு கணக்கெடுத்தபோது அழைக்கப்பட்டவர்கள் யார் தெரியுமா? 100 கோடிக்கு மேல் நிகர மதிப்பு உள்ளவர்கள்! ஆம்பூரில் சிறிய தோல் பட்டறை நடத்துகிறவர் அந்தக் கணக்கில் வரவே இல்லை.

செல்போன் கம்பெனிகள் இந்த நேரடி ஒதுக்கீட்டை எதிர்க்கின்றன. கோடிகளைக் கொட்டி ஏலம் எடுத்தவன் பக்கத்தில், ஏலம் எடுக்காதவனை உட்கார வைப்பதா என்று கேட்கின்றன. அதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டோம். ஆனால் மதிலுக்கு வெளியே போகாத குறைந்த சக்தி அலைக்கு நாடு தழுவிய சேவையின் விலையா?

ஏல ஆரம்ப விலையைப் பரிந்துரைப்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய். பரிந்துரைக்கும் முன் அது ஆலோசனை அறிக்கை வெளியிட்டு, யார் வேண்டுமானாலும் கருத்துச் சொல்லலாம் என்று தேதி குறிக்கிறது. கம்பெனிகள் கட்டுக் கட்டாக எழுதி அனுப்புகின்றன. உங்கள் ஊர் வணிகர் சங்கம் இதுவரை ஒரு பக்கமாவது அனுப்பியிருக்கிறதா? ஆங்கிலம் படித்த இளைஞர்களே, அடுத்த அறிக்கை வரும்போது அதைப் படித்து, கடைவீதிப் பெரியவர்களுக்கு விளக்கி, சங்கத்தின் லெட்டர்பேடில் எழுதிக் கொடுங்கள். அதற்கு வக்கீல் தேவையில்லை, கட்டணமும் இல்லை.