எடைக்குப் போகும் அமானிதம்

கடலைப் பொட்டலத்தின் தாளைப் பிரித்துப் பாருங்கள். யாரோ ஒருவருடைய வங்கிக் கணக்கு எண்ணும் கையொப்பமும் அதில் இருக்கக்கூடும். வேலைக்கோ கடனுக்கோ அவர் நம்பிக் கொடுத்த தாள், எடைக்குப் போடப்பட்டு அங்கே வந்து சேர்ந்திருக்கிறது.

அமானிதங்களை உரியவரிடம் ஒப்படைக்குமாறு திருமறை (4:58) பணிக்கிறது. பொன்னும் பொருளும் மட்டுமா அமானிதம்? பிறர் நம்பித் தந்த விவரங்களும் அமானிதமே அன்றோ!

கிழித்துவிட்டோம் என்று அமைதி கொள்வதும் தவறு. 1979 நவம்பரில் தெஹ்ரானின் அமெரிக்கத் தூதரகம் கைப்பற்றப்பட்டது. அங்கே இயந்திரத்தால் நீள் கீற்றுகளாக நறுக்கப்பட்டிருந்த ஆவணங்களும் பொறுமையுடன் ஒட்டிச் சேர்க்கப்பட்டு நூல்களாக வெளிவந்தன. ஆகவே, குறுக்கும் நெடுக்குமாக நறுக்கித் துகளாக்கும் இயந்திரமே ஏற்றது.

வணிகப் பெருமக்களே! காலம் கடந்த கோப்புகளை உங்கள் கண்முன்னே அழித்துச் சான்றிதழும் தரும் நிறுவனங்கள் இன்று உள்ளன; அவற்றை நாடுங்கள். இல்லத்தாரே! வேண்டாத நகல்களைப் பொடிப்பொடியாகக் கிழித்து, நீரில் ஊறவைத்துக் கூழாக்கிவிடுங்கள்.

எடைக்குப் போட்டால் கிடைப்பது சில ரூபாய்கள். அதற்காகப் பிறர் நம் மீது வைத்த நம்பிக்கையை விற்கலாமா? சிந்தியுங்கள்!